இரண்டாவது கேள்விக்குத் தாங்குமா உங்கள் பதில்?

நீட் மார்க், கவுன்சலிங், கல்லூரி ஒதுக்கீடு. இந்தியாவில் ஒரு மாணவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். பிரிட்டனில் அது நடக்காது. பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் மார்க்கும் யூகேட் நுழைவுத் தேர்வும் பிள்ளையை இன்டர்வியூ அறையின் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம். பெரும்பாலும் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை இன்டர்வியூ. லண்டனின் ஹாரோவிலும் இல்ஃபோர்டிலும் குரோய்டனிலும் சில தமிழ் வீடுகளில் பொங்கல் அந்தப் பதற்றத்தோடுதான் வருகிறது.

பக்கம் பக்கமாகப் பதில் எழுதி மனப்பாடம் செய்த பிள்ளைகள் முதல் கேள்வியை ஊதித் தள்ளிவிடுவார்கள். தடுக்கி விழுவது இரண்டாவது கேள்வியில். பதிலுக்கு ஒரு கட்டமைப்பு வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அது எதற்கு என்பது புரிந்தால்தான் அந்தக் கட்டமைப்பு கைகொடுக்கும்.

மணி அடித்தால் அடுத்த அறை

இன்டர்வியூ என்றால் சிபாரிசு என்ற சந்தேகம் நமக்குப் பழையது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் மருத்துவ சீட்டுக்கு நேர்காணல் உண்டு. அதற்கு 75 மார்க். மாநிலத்தை அலகுகளாகப் பிரித்து, அலகுக்கு ஒரு தேர்வுக்குழு வைத்திருந்தார்கள். பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் அந்த அலகுமுறை செல்லாது என்று சொன்னது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது.

கனடாவில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கும் இந்த நம்பிக்கைக் குறைவு இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பிள்ளையை விசாரித்தால், முதல் நிமிடத்தில் ஏற்படும் பிடித்தமும் பிடிக்காமையும் கடைசிவரை மார்க்கில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் இன்டர்வியூவை ஒழிக்கவில்லை, துண்டு துண்டாக வெட்டினார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1975-ல் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய மருத்துவத் தேர்வுமுறை ஒன்றில், மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து திறமையைக் காட்டுவார்கள். அதையே சேர்க்கைக்கு மாற்றி அமைத்து, கெவின் ஈவா, ஜாக் ரோஸன்ஃபெல்ட், ஹெரால்ட் ரெய்ட்டர், ஜெஃப்ரி நார்மன் ஆகியோர் 2004-ல் கட்டுரை வெளியிட்டார்கள். எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

கதவுக்கு வெளியே கேள்வியைப் படிக்க இரண்டு நிமிடம். உள்ளே எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த அறை, அங்கே வேறு மதிப்பீட்டாளர். இன்று பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இதே ஏற்பாடுதான். நிமிடக் கணக்கு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பழைய பாணிப் பாட இன்டர்வியூவை விடவில்லை.

இந்த முறையில் பல கேள்விகளுக்கு ஒரே சரியான விடை கிடையாது. பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதற்குத்தான் மார்க். யோசனை மண்டைக்குள் மட்டும் நடந்தால் யாரும் மார்க் போட முடியாது. அது எதிரே இருப்பவரின் காதில் விழ வேண்டும். பதிலின் கட்டமைப்பு செய்யும் வேலை அதுதான்.

வலிப்பு வந்த பஸ் டிரைவர்

அடிக்கடி வரும் வகைக் கேள்வி ஒன்று: "உங்களிடம் வரும் பஸ் டிரைவருக்கு வலிப்பு நோய். வண்டி ஓட்டுவதை நிறுத்த மாட்டேன் என்கிறார். என்ன செய்வீர்கள்?"

மனப்பாடப் பிள்ளை உடனே நான்கு கொள்கைகளை ஒப்பிக்கும்: நோயாளியின் தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. பீச்சம், சில்ட்ரஸ் இருவரும் 1979-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை இவை. நல்ல கருவிகள்தான். ஆனால் டிரைவர் எங்கே போனார்? நாலு பெயரைச் சொன்னதும் பதில் முடிந்துவிட்டது, முடிவு என்று ஒன்று வரவே இல்லை.

நல்ல பதில் சிக்கலைப் போட்டு உடைத்துத் தொடங்கும். "அவர் சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அந்த பஸ்ஸில் ஏறும் ஐம்பது பேரின் உயிர் இன்னொரு பக்கம் இருக்கிறது. இரண்டும் இங்கே மோதுகின்றன." அடுத்து, தெரிந்துகொள்ள வேண்டியவை: கடைசியாக எப்போது வலிப்பு வந்தது, ஓட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியுமா, ஏன் மறுக்கிறார். பிறகு, லேசானதிலிருந்து கடுமையானதுவரை படிப்படியாக: உட்கார வைத்துப் பேசுவேன்; உரிமம் வழங்கும் அமைப்புக்குத் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை என்று விளக்குவேன்; இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்க வழி சொல்வேன்; எதற்கும் இணங்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு நானே தெரிவிப்பேன்.

பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்குக் காட்டியிருக்கும் வழியும் ஏறத்தாழ இதுவே. பஸ், லாரி ஓட்டுநருக்கு விதி மிகக் கடுமை: வலிப்பு நோய் இருந்தவர் மருந்தில்லாமல் பத்து ஆண்டு வலிப்பே வராமல் இருக்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இந்த எண் தெரிய வேண்டியதில்லை. படிகள் தெரிந்தால் போதும்.

இப்போது வரும் இரண்டாவது கேள்வி: "அவர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. அழுகிறார். இப்போது?" ஒப்பித்த பிள்ளைக்கு ஐந்தாவது கொள்கை கிடையாது. படிப்படியாகப் பேசிய பிள்ளைக்கோ, எந்தப் படியில் திரும்பி நிற்க வேண்டும் என்று தெரியும். "என் முடிவு மாறாது. ஆனால் மாற்று வேலை, உதவித்தொகை பற்றி யாரிடம் அனுப்பலாம் என்பதை முதலிலேயே பேசியிருப்பேன்."

"ஏன் டாக்டர் ஆக வேண்டும்?"

அனுபவத்தைச் சொல்லும் பதில்களுக்கு ஸ்டார் என்ற வரிசையைக் கற்றுத்தருவார்கள்: சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு. பலரும் சூழலிலேயே பாதி நேரத்தைத் தொலைக்கிறார்கள். சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும். மீதி நேரம், செய்ததற்கும் அதிலிருந்து கற்றதற்கும்.

"அம்மம்மாவுக்கு நீரிழிவு, அதைப் பார்த்து டாக்டராக ஆசை வந்தது." இந்தப் பதிலை யாரும் சொல்லலாம். ஒரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "அம்மம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டதற்கு அம்மம்மா தலையாட்டினார், நானும் ஆம் என்றேன். விரத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை டாக்டரிடம் அதைச் சொன்னதும், மாத்திரை நேரத்தையே மாற்றித் தந்தார். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் பாதி வைத்தியம் இருக்கிறது என்று அன்று புரிந்தது."

மதிப்பீட்டாளர் விடமாட்டார்: "நோயாளியின் பேத்தியை மொழிபெயர்ப்பாளராக வைத்தது சரியா?" சரியில்லைதான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை வைக்கும்படிதான் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். சொல்கிறது. பேத்தி முன்னால் பாட்டி சில விஷயங்களைச் சொல்லவே மாட்டார். தன் கதையில் இருக்கும் இந்த ஓட்டையைத் தானே எடுத்துக்காட்டும் பிள்ளைக்குத்தான் அங்கே நல்ல மார்க். "அப்படியானால் நர்ஸ் ஆகலாமே?" என்று இன்னொரு கேள்வி வரும். நர்ஸைத் தாழ்த்திப் பேசினால் கதை முடிந்தது. எந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்க விருப்பம் என்பதைச் சொன்னால் போதும்.

பேச்சைக் குறைக்க வேண்டிய அறை

ஓர் அறையில் நடிகர் உட்கார்ந்திருப்பார். காரைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் பூனை மீது ஏற்றிவிட்டீர்கள். அதை அவரிடம் சொல்ல வேண்டும். இங்கே வாதம் எடுபடாது. கெட்ட செய்தி சொல்வதற்கு பெய்ல், பக்மன் முதலானோர் 2000-ல் வெளியிட்ட ஆறு படிகளின் சாரம் உதவும். உட்கார வைக்க வேண்டும். "ஒரு வருத்தமான விஷயம் சொல்ல வந்தேன்" என்று ஒரு முன்னறிவிப்பு. பிறகு சுற்றி வளைக்காமல் ஒரே வாக்கியம்: "உங்கள் பூனை இறந்துவிட்டது, என் காரில் அடிபட்டு." அதன்பின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் கோபப்பட்டாலும் அழுதாலும் அதற்கு இடம் விட வேண்டும். "வேறு பூனை வாங்கித் தருகிறேன்" என்று உடனே சொல்வது, நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளும் அவசரமாகவே தெரியும்.

எப்படிப் பழகுவது?

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குச் சபைக் கூச்சம் இருக்காது. அது பெரிய பலம். குறுக்கே யாரும் பேசாத மேடை அது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. இன்டர்வியூவுக்கு முழு வாக்கியங்களை எழுதி வைக்காமல், ஒரு கேள்விக்கு மூன்று நான்கு சொற்களைக் குறித்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம். இரண்டு நிமிடத்துக்குள் முதல் பதில் முடியட்டும். போனில் பதிவு செய்து கேட்டால் எங்கே வழி தவறியது என்பது தெரியும். நண்பரோ அக்காவோ பாதியில் வெட்டி "ஏன்?" என்று கேட்க வேண்டும், "அவர் மறுத்தால்?" என்று கேட்க வேண்டும். "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஓர் அறை சொதப்பினால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். அடுத்த அறையில் இருப்பவர் அதைப் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் சீட் வாங்கும் தந்திரம் என்று தோன்றலாம். ஆனால் பிரிட்டன் மருத்துவமனைகளில் டாக்டர்களும் நர்ஸ்களும் எஸ்பார் என்ற வரிசையில் பேசப் பழக்கப்படுகிறார்கள்: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவத்துக்கு வந்த முறை அது. நள்ளிரவில் மூத்த டாக்டரை எழுப்பும் இளம் டாக்டர் இந்த வரிசையைக் குழப்பினால், நோயாளி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார் என்பதே மறுமுனைக்குப் புரியாது. வரிசையாகச் சொன்னாலும் மூத்தவர் குறுக்கே இரண்டு கேள்வி கேட்பார். அதற்கும் பதில் இருக்க வேண்டும். எட்டு நிமிட அறையில் பிள்ளைகள் பழகுவது அந்த வேலையைத்தான்.