ஈரத்தில் கிடக்கும் சோப்பு ஏன் கொழகொழ என்றாகிறது?

குளியலறைச் சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்கினால், சோப்பின் அடிப்பக்கம் கூழாகிவிடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது வெறும் கரைசல் அல்ல. அதற்குப் பெயர் திரவப் படிகம்!

சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். எண்ணெய்த் தன்மையுள்ள வாலுக்குப் பிடிக்காது. கட்டிக்குள் தண்ணீர் ஊறும்போது என்ன நடக்கும்? வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். தலைகள் தண்ணீரைப் பார்த்து நிற்கும். இப்படி மெல்லிய ஏடுகள் உருவாகி, அவற்றுக்கு நடுவே தண்ணீர் தங்கும்.

பந்திக்குக் கழுவி அடுக்கிய வாழை இலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு ஒழுங்காக இருக்கும். தொட்டால் இலைமேல் இலை வழுக்கும். சோப்புக் கூழின் வழவழப்பும் அதுதான். ஒழுங்கில் படிகம், ஓட்டத்தில் திரவம்.

இன்னும் தண்ணீர் சேர்ந்தால் இளகத்தானே வேண்டும்? இல்லை, இறுகுகிறது! ஏடுகள் மறைந்து, நீண்ட உருளைகளாகி நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. இலைகளைச் சுருட்டிக் கட்டாகக் கட்டினால் முன்போல எளிதில் வழுக்குமா? சோப்புத் தயாரிப்பவர்களுக்கு இந்தக் கட்டம் பெரும் தலைவலி. பம்பில் ஏற்றவே கஷ்டம். மேலும் தண்ணீர் விட்டால்தான் உருளைகள் உடைந்து நீர்த்துப்போகும்.

நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வும் இதேபோன்ற ஈரடுக்கு ஏடுதான். கொரோனா வைரஸின் கொழுப்பு உறையும் அப்படியே. அந்த ஏட்டுக்குள் சோப்பு மூலக்கூறுகள் நுழைந்து பிளப்பதால்தான், கை கழுவினால் வைரஸ் சிதைகிறது.