வெள்ளத்தில் நின்ற காரும் பாலிசியின் முதல் பக்கமும்

2023 டிசம்பர் 17-ம் தேதி பிடித்த மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை மீறி ஓடியது. ஸ்ரீவைகுண்டம் தீவாகிப்போனது. சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு அங்கேயே நின்றுபோனதை நாடே பார்த்தது. வீட்டையும் வாழையையும் ஆடு மாடுகளையும் பறிகொடுத்தவர்களுக்கு முன்னால் கார் பெரிய இழப்பு இல்லை. ஆனால், வங்கித் தவணை முடியாத வண்டி சேற்றில் நிற்கும்போது அந்தக் குடும்பம் படும் பாடு சாதாரணமானதல்ல.

தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகி, வண்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் கை போகும். செய்யவே கூடாதது அதுதான். காற்றை இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த அதனால் முடியாது. ஒரே திருகலில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சீட், வயரிங், உள்ளே புகுந்த சேறு என்று வெள்ளம் நேரடியாகச் செய்த சேதத்துக்கு, சொந்த வண்டியைக் காக்கும் ‘ஓன் டேமேஜ்’ பாலிசியில் பணம் உண்டு. ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால், அது வெள்ளத்தின் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லி கம்பெனி ஒதுக்கிவிடும். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற ஆட்-ஆன், அதாவது தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் காப்பு, இதற்காகத்தான் இருக்கிறது. அது இருந்தாலும் சாவியைத் தொட வேண்டாம். நம்பர் பிளேட்டும் தண்ணீர் ஏறிய கோடும் தெரியும்படி படம் எடுங்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை பிரிக்க விடாதீர்கள்.

இதற்கெல்லாம் முதலில் ஓன் டேமேஜ் நடப்பில் இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயமானது. விபத்தில் அடிபடும் அடுத்தவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்கான மிக நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஷோரூமில் தரும் பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு காலக்கெடுகள் இருக்கும். தேர்டு பார்ட்டிக்கு மூன்று வருடம், ஓன் டேமேஜுக்கு ஒரே வருடம். ‘மூணு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவரின் கார், ஓன் டேமேஜைப் புதுப்பிக்காமல் இரண்டாம் வருட மழையில் மூழ்கினால் ஒரு ரூபாய்கூட வராது.

காருக்குள் இருப்பவர்கள் கதையும் இதேதான். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி, சொந்தக் காரில் நம்மோடு வருகிறவர்களைக் காக்காது. இப்படிப்பட்ட ஒரு வழக்கில்தான் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்றது. நடைமுறைச் சிக்கல்களால் அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதன் நோக்கம் எனக்கு இன்றும் சரியென்றே படுகிறது. பயணிகளுக்கான விபத்துக் காப்பைச் சேர்க்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பிறகு எதில் மிச்சம் பிடிப்பது? தேர்டு பார்ட்டியில் பேரத்துக்கு இடமில்லை. கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது ஓன் டேமேஜ் தொகைதான். மூன்று நான்கு இடங்களில் கேட்டு ஒப்பிட வேண்டியதும் அதைத்தான். ஒப்பிடும்போது ஐ.டி.வி. என்கிற காரின் மதிப்பு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறைத்துப் போட்டு, பிரீமியம் மலிவு என்று காட்டுகிறவர்கள் உண்டு. வண்டி முழுசாய்ப் போனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

பெரிய மிச்சம் நோ கிளைம் போனஸில் இருக்கிறது. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவிகிதம். ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வையுங்கள். போனஸ் போக 4,000 கட்டுகிறீர்கள். பம்பர் உடைந்து 6,000 ரூபாய் பில் வருகிறது. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ ஆட்-ஆன் இல்லையென்றால் பிளாஸ்டிக்குக்குப் பாதி கழித்துவிடுவார்கள். கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 2,000. அதற்காகக் கிளைம் போட்டால் போனஸ் அடியோடு போய், அடுத்த வருடமே 4,000 கூடுதலாகக் கட்ட நேரும். சின்ன அடிகளைக் கைக்காசில் பார்த்துக்கொள்வதே லாபம். போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அடுத்த காருக்குக் கொண்டுபோகலாம். இன்னொன்று, 15 லட்சத்துக்குத் தனியாக விபத்துக் காப்பீடு வைத்திருப்பவர், கார் பாலிசியில் உரிமையாளருக்கான விபத்துக் காப்புக்கு மறுபடி பணம் கட்டத் தேவையில்லை.

பிரீமியம் சரியாகக் கட்டியும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சொந்த போர்டு காரைக் கந்த சஷ்டிக்கும் நவதிருப்பதி சுற்றுக்கும் வாடகைக்கு விடுவது நம் பக்கம் சகஜம். வழியில் விபத்தானால், வாடகைக்கு ஓடியது என்ற ஒரு காரணத்தைக் காட்டியே கம்பெனி கையை விரிக்கலாம். வாடகை வண்டிக்கான டி போர்டுக்கு மாற்றுவதுதான் இதற்கு வழி.

வடகிழக்குப் பருவமழை இங்கே டிசம்பர் வரை நீளும். உங்கள் பாலிசி அந்த மாதங்களில் முடிகிறது என்றால் முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள். முடிந்த 90 நாளுக்குள் புதுப்பித்தால் போனஸ் தப்பும். ஆனால் இடைப்பட்ட நாளில் ஆறு ஊருக்குள் வந்தால் அந்தச் செலவு முழுக்க உங்களுடையது. எஞ்சின் புரொடெக்டையும் புதுப்பிக்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் சின்னம் உருவான செய்தியைப் பார்த்துவிட்டு நடு வருடத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.