பெண்புத்தியும் மறதி நோயும்

"பெண்புத்தி பின்புத்தி" என்று நம்மவர் நெடுங்காலமாய்ச் சொல்லிவரும் பழமொழிக்கு வைத்திய சாஸ்திரமும் இப்பொழுது கையெழுத்திட்டுவிட்டதென்று நண்பர் சிலர் நம்மிடம் வந்து சொல்லுகின்றனர். அவர்கள் காட்டும் தஸ்தாவேஜு அலட்சியப்படுத்தத் தக்கதன்று. டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான ஸ்தாபனத்தாரும் அமெரிக்காவின் தென்கலிபோர்னியா சர்வகலாசாலையாரும் கூடி, 60 வயதைக் கடந்த நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல ராஜ்யங்களில் பரீட்சித்து, 2023-ல் வெளியிட்ட முடிவு அது. அதன்படி, முதியோரில் 100க்கு 7 பேருக்குச் சற்று அதிகமாக, அதாவது தேசமெங்கும் சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு ஆளானவர்கள். ஆடவரில் 100க்குச் சுமார் 6 பேர். பெண்டிரில் சுமார் 9 பேர். "இனி என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்கின்றனர் நண்பர்கள்.

நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்லும் உண்மையை மறுக்கமாட்டோம். அதிலிருந்து எதிர்க்கட்சியார் இழுக்கும் முடிவைத்தான் குறுக்கு விசாரணை செய்வோம். பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கின்றனர். இந்நோயோ வயது ஏற ஏறப் பெருகுவது. ஆகையால் மூதாட்டியரிடம் மிகுதியாய்க் காண்கிறது என்பது மேனாட்டு வைத்தியர்கள் முதலிற் கூறும் சமாதானம். அது உண்மைதான், ஆனால் நம் நாட்டுக் கணக்கை விளக்க அது மட்டும் போதாது. அதற்குப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைப் புரட்டவேண்டும்.

சுயராஜ்யம் வந்தபின் எடுத்த முதல் ஜனக் கணக்கில், 1951-ல், ஆண்களில் 100க்கு 27 பேருக்கு எழுத்து வாசனை இருந்தது. பெண்களில் 9 பேருக்கே இருந்தது. அன்று ஐந்து வயதுச் சிறுமியாய், தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு, அண்ணன் பள்ளிக்குப் போவதை வாசலில் நின்று பார்த்தவள் இன்று எண்பதை எட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மறதியைத்தான் நாம் இப்பொழுது எண்ணிக்கொண்டிருக்கிறோம். படிப்பு வியாதியை மூளையில் புகவிடாமல் காவல் காக்கிறதென்று நாம் சொல்லவில்லை. வியாதி புகுந்த பின்னும் புத்தி நிலைகுலையாதபடி தாங்கும் சக்தியை அது வளர்க்கிறது. ஊருக்குப் பல வழி அறிந்தவன் ஒரு வழி அடைபட்டால் மறு வழியே போய்ச் சேருகிறான். ஒரே வழி அறிந்தவன் அங்கேயே நின்றுவிடுகிறான். இந்தத் தாங்கு சக்தி இளமையிலே சேர்க்கப்படும் சேமநிதி. நம் பாட்டிமாருக்கு அந்தக் கணக்கைத் திறக்கவே வீட்டார் விடவில்லை.

இது நம்முடைய அனுமானம் அன்று. பஞ்சாப், ராஜஸ்தான், கர்நாடகம், கேரளம் ஆகிய நான்கு ராஜ்யங்களின் முதியோரைப் பரீட்சித்து 2014-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று உண்டு. ஞாபகம் முதலிய புத்திப் பரீட்சைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேற்றுமை வடக்கே பெரிதாயும் தெற்கே சிறிதாயும் இருந்தது. கல்வி, உடல்நலம், பொருள்நிலை முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபொழுது தெற்கே அவ்வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதாய் நிற்கவில்லை, வடக்கே நின்றது. பெண் மூளையே இயல்பாகக் குறையுள்ளதானால், அக்குறை விந்திய மலையைக் கண்டதும் சுருங்கிப் போவதேன்? தென்னாட்டார் இதைக் கேட்டு மீசையை முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. இங்கும் வேற்றுமை இருக்கத்தான் செய்தது. படிப்பின் பெயரால் அதற்குக் கணக்குச் சொல்ல முடிந்தது என்பதே விஷயம்.

மற்றொரு சாட்சி அமெரிக்கக் கன்னிமாடங்களிலிருந்து வருகிறது. டேவிட் ஸ்நோடன் என்ற பண்டிதர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சிக்கு 75 வயது கடந்த 678 கத்தோலிக்கச் சகோதரிகள் இசைந்தனர். இறந்தபின் தங்கள் மூளையையும் சோதனைக்குத் தருவதாக எழுதிக்கொடுத்தனர். எல்லோரும் பெண்கள், எவருக்கும் கணவனில்லை, பிள்ளையில்லை, வாழ்க்கை முறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் முதுமையில் அவர்கள் அறிவின் நிலை ஒன்றாயில்லை. அவர்களிற் பலர் இருபது வயதை ஒட்டி மடத்தில் சேர்ந்தபோது எழுதிய சுயசரிதக் குறிப்புகள் பெட்டிகளில் கிடந்தன. எவருடைய வாக்கியங்களில் கருத்துச் செறிவு குறைந்திருந்ததோ, அவர்களிடமே அறுபது ஆண்டுகளுக்குப் பின் அல்ஜைமர் நோய் மிகுதியாய்க் காணப்பட்டது. மூளையில் நோயின் அடையாளங்கள் ஏராளமாயிருந்தும் 101 வயதில் இறக்கும்வரை அறிவு தெளிந்திருந்த ஒரு சகோதரியும் அவர்களில் உண்டு. "பெண்" என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடக்கூடிய விஷயமா இது?

இயற்கைக்குப் பங்கே இல்லையென்று நாம் வாதாடவில்லை. அப்படி வாதாடுவது கட்சிக்காரனின் வேலை. ஏபிஓஇ-4 என்னும் பரம்பரைக் கூறு 65 முதல் 75 வயதுக்குள் ஆண்களைவிடப் பெண்களையே அதிகமாய் வருத்துகிறதென்று கண்டிருக்கின்றனர். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் சத்துக் குறைவதே காரணம், அதை மாத்திரையாய்க் கொடுத்தால் புத்தி காக்கப்படும் என்றும் ஒரு காலத்தில் பெரிதும் நம்பினர். அமெரிக்காவில் 65 வயது கடந்த 4,500 பெண்களிடம் ஈஸ்ட்ரஜனையும் புரோஜெஸ்டினையும் கலந்து கொடுத்துப் பார்த்தபோது, மறதி நோய் குறைவதற்குப் பதில் இரட்டிப்பாயிற்று என்று 2003-ல் தெரியவந்தது. "பெண் உடம்பே குற்றவாளி" என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுவோர் இதை மறக்கலாகாது.

பழமொழிக்காரர் எதிர்பாராத செய்தி ஒன்றும் உண்டு. கேட்ட சொற்களை நினைவிற்கொண்டு திரும்பச் சொல்வதில் பெண்களே ஆண்களைவிடச் சமர்த்தர். நோய் ஒரே அளவு பரவிய ஆணையும் பெண்ணையும் பரீட்சித்தால், ஆரம்ப தசையில் பெண்ணே அதிக மார்க்கு வாங்குகிறாள். இது வரம்போலத் தோன்றினாலும் இதில் ஒரு கெடுதியும் இருக்கிறது. அவள் நன்றாய்ப் பேசுவதால் வீட்டாரும் வைத்தியரும் நோயைக் கவனியாமல் விட்டுவிடுகின்றனர். கண்டுகொள்ளும்பொழுது அது வெகுதூரம் போயிருக்கிறது.

எழுத்தறியாத பெண்ணுக்கு நேர்வதோ இதற்கு நேர்மாறான அநீதி. உலகெங்கும் வழங்கும் 30 மார்க்குப் பரீட்சை 1975-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 100-லிருந்து ஏழேழாய்க் கழிக்கவேண்டும். ஒரு வாக்கியம் எழுதவேண்டும். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவேண்டும். நம் வக்கீல் நண்பர்களே 93, 86க்குப் பிறகு சற்று விழிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். எழுதுகோலைத் தொட்டறியாத மூதாட்டி இதில் தோற்றால், தோற்றது அவள் ஞாபகமா, 1951-ஆம் வருஷத்துப் பள்ளிக்கூடமா? ஸ்மரணையோடு பத்துப் பேருக்குச் சமைத்துப்போட்டு, பால் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவளைச் சித்தங் குலைந்தவள் என்று சீட்டெழுதி அனுப்பினால், அதன் பின் குடும்பத்தில் அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? அவள் பெயரிலுள்ள காணி நிலத்தில் அவள் கைநாட்டுக்குத்தான் என்ன மதிப்பு? சொத்து வழக்கு நடத்தியவர்களுக்கு இந்த ஆபத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனவே, தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நேயர்கள், எந்தப் பரீட்சை வைக்கப்படுகிறது, அது எழுத்தறியாதவர்க்கு ஏற்றதா என்று வைத்தியரைக் கேட்கவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவாகாது. காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், தனிமை ஆகியவற்றையும் உடன் கவனிக்கச் சொல்லவேண்டும். 2024-ல் லான்ஸெட் பத்திரிகையின் நிபுணர் குழு, குறைந்த கல்வியோடு இவற்றையும் சேர்த்து 14 காரணங்களைக் கூறி, அவற்றை நீக்கினால் இந்நோயில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. எழுபது வயதில் பள்ளிக்கூடத்தைத் திருப்பித் தர இயலாது. மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் தரலாம்.

எழுத்தறியாதவர்க்கேற்ற பரீட்சை வெறுங் கனவன்று. ஹரியானாவில் வல்லப்கர் கிராமங்களின் முதியோருக்காக அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹிந்தியில் வகுக்கப்பட்டாயிற்று. காகிதத்தில் வாக்கியம் எழுது என்று அதில் கேட்பதில்லை. "உன் வீட்டைப்பற்றி ஒரு வாக்கியம் சொல்" என்று கேட்கிறார்கள்.