அடைக்கோழியின் 21 நாள்கள்: குஞ்சு பொரிப்பதைவிட வளர்ப்பதே சவாலாவது ஏன்?

மின்சாரமோ இயந்திரமோ இன்றி, 10 முதல் 12 முட்டைகளை 21 நாள்களில் குஞ்சுகளாக்கித் தரும் ஆற்றல் ஓர் அடைக்கோழிக்கு உண்டு. எனினும், பொரித்த குஞ்சுகளில் கணிசமானவை விற்பனைக்கோ முட்டையிடும் பருவத்துக்கோ வருவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. முதல் 8 வாரங்களில் நேரிடும் இந்த இழப்பே சிறு குடும்பங்களின் கோழி வருவாயைத் தீர்மானிக்கிறது.

2019-ஆம் ஆண்டில் வெளியான 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மொத்தம் 85.18 கோடி கோழியினப் பறவைகள் உள்ளன. அவற்றில் 31.70 கோடி, வீடுகளில் வளர்க்கப்படும் புறக்கடைக் கோழிகளாகும். முந்தைய கணக்கெடுப்புடன் ஒப்பிடுகையில் புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை 45.8 சதவீதம் அதிகரித்துள்ளது. இவற்றில் நாட்டுக்கோழிகளின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் அடைக்கோழிகளை நம்பியே உருவாகிறது.

அடை உணர்வு என்பது என்ன?

சில நாள்கள் தொடர்ந்து முட்டையிட்ட பெட்டைக்கோழி, திடீரென முட்டையிடுவதை நிறுத்தி, கூட்டைவிட்டு எழாமல் அமர்ந்துகொள்ளும். அருகில் சென்றால் இறகுகளைச் சிலிர்த்துக் கொத்த வரும். 'புரோலாக்டின்' என்னும் ஹார்மோன் அதன் உடலில் அதிகரிப்பதே இந்த மாற்றத்துக்குக் காரணம். வயிற்றுப் பகுதியில் இறகுகள் குறைந்து, தோலின் சூடு நேரடியாக முட்டைகளைச் சென்றடையும்.

அடை காக்கும் காலத்தில் முட்டை கிடைக்காது என்பதால், வணிக ரகங்களில் இந்தப் பண்பு பல தலைமுறைத் தேர்வின் மூலம் ஏறத்தாழ முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. வெள்ளை லெக்ஹார்ன் வழிவந்த பண்ணைக் கோழிகள் ஆண்டுக்கு 300-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹைதராபாதில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா போன்ற புறக்கடை ரகங்களும் பொதுவாக அடைக்கு அமர்வதில்லை. மத்திய பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் கோழியும் அடை காப்பதில் பின்தங்கியதே. இவற்றின் முட்டைகளைப் பொரிக்க வேறு நாட்டுக்கோழியையோ பொரிப்பு இயந்திரத்தையோ நாட வேண்டும். மாறாக, அசீல் கோழிகள் சிறந்த தாய்க்கோழிகளாக அறியப்படுகின்றன.

முட்டைகளைத் தேர்வு செய்வது எப்படி?

சேவலுடன் சேர்ந்து வளரும் கோழியின் முட்டைகளே குஞ்சு பொரிக்கும். விரிசல், கோணலான வடிவம், மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய அளவு ஆகியவை உள்ள முட்டைகளைத் தவிர்க்க வேண்டும். இட்டு 7 முதல் 10 நாள்களுக்கு மேற்பட்ட முட்டைகளில் பொரிக்கும் திறன் குறைந்துவிடும்.

கோடைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. வெப்பமான அறையில் சேமிக்கப்படும் முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பின்னர் இறந்துவிடும். ஈரமணலின் மீது வைத்த மண்பானைக்குள் முட்டைகளைச் சேமிப்பது எளிய தீர்வாகும். சேர்த்து வைத்த முட்டைகள் அனைத்தையும் ஒரே நாளில் அடை வைக்க வேண்டும். வெவ்வேறு நாள்களில் வைத்தால், முதலில் பொரித்த குஞ்சுகளுடன் தாய் எழுந்து சென்றுவிட, எஞ்சிய முட்டைகள் வீணாகும்.

அந்த 21 நாள்களில் நடப்பவை

கரு வளர்வதற்கு ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஓரத்தில் உள்ள முட்டைகளை நடுவிலும், நடுவில் உள்ளவற்றை ஓரத்திலும் மாற்றி வைத்து, அனைத்துக்கும் சூடு கிடைக்கச் செய்கிறது தாய்க்கோழி. நாள்தோறும் பலமுறை முட்டைகளைப் புரட்டுவதால், கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்வதும் தடுக்கப்படுகிறது.

நாளொன்றுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே அது கூட்டைவிட்டு வெளியேறும். அந்த நேரத்தில் தீவனமும் நீரும் அருகிலேயே கிடைக்க வேண்டும். பேன், உண்ணி தொல்லை அதிகமானால் கோழி அடையைக் கைவிடக்கூடும். எனவே, மணலும் சாம்பலும் கலந்த குழியில் புரள வசதி செய்து தர வேண்டும்.

7-ஆம் நாள் இரவில், இருட்டறையில் முட்டையின் பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் கருவின் நிலையை அறியலாம். சிலந்தி வலை போன்ற செந்நிற நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது. தெளிவாகத் தெரிந்தால் அது கரு கூடாத முட்டை. அவற்றை அகற்றிவிடுவது நல்லது. கூமுட்டை அழுகி உடைந்தால் மற்ற முட்டைகளும் கெடும்.

பொரிக்கும் தருணத்தில் பொறுமை அவசியம். ஓட்டில் துளையிட்ட குஞ்சு முழுமையாக வெளிவரப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள்ளாகச் சவ்வில் உள்ள ரத்த ஓட்டம் நின்று, எஞ்சிய மஞ்சள் கருவும் குஞ்சின் வயிற்றுக்குள் சேர வேண்டும். உதவுவதாக எண்ணி ஓட்டை உரித்தால் ரத்தக்கசிவு ஏற்பட்டுக் குஞ்சு இறக்க நேரிடும். உள்ளே சேர்ந்த அந்த மஞ்சள் கருவே முதல் இரண்டு நாள்களுக்கு உணவாக அமைகிறது.

ஆபத்து தொடங்கும் வாரங்கள்

முதல் சில வாரங்களில் குஞ்சுகளால் தமது உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் அவற்றுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதைத் தாயின் சிறகே வழங்குகிறது. அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டத்தில், ஒரு நாள் குஞ்சுகளைத் 'தாய் அலகுகள்' என்னும் மையங்களில் 4 வாரங்கள் வரை வளர்த்த பின்னரே பயனாளிகளுக்கு வழங்கும் முறை பின்பற்றப்பட்டது, இப்பருவத்தின் அபாயத்தை உணர்த்துகிறது.

காகம், பருந்து, கீரி, பூனை ஆகியவற்றிடமிருந்து குஞ்சுகளைக் காக்க, முதல் இரு வாரங்களுக்குத் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள் வைப்பது பலன் தரும். நொய், பொடித்த மக்காச்சோளம் ஆகியவற்றுடன் புரதத்துக்குக் கரையானும் அளிக்கலாம். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருக்க வேண்டும். அதில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சுகள் மூழ்கி இறப்பது தவிர்க்கப்படும்.

தாயால் தடுக்க இயலாத நோய்

உத்தரகண்டின் ராணிக்கேத் நகரின் பெயரால் இந்தியாவில் அறியப்படும் வெள்ளைக் கழிச்சல் நோயைத் தாய்க்கோழியால் தடுக்க இயலாது. மூச்சுத்திணறல், பச்சையும் வெள்ளையும் கலந்த கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இந்த வைரஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பூசி மட்டுமே பாதுகாப்பு. முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்தும், 4-ஆவது வாரவாக்கில் மீண்டும் ஒருமுறை சொட்டு மருந்தும், 8-ஆவது வாரத்தில் தோலுக்கு அடியில் ஊசியும் போடுவது வழக்கம்.

நடைமுறையில் இதுவே மிகப்பெரிய சிக்கலாக உள்ளது. தடுப்பு மருந்துக் குப்பிகள் பொதுவாக 100 அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கான அளவில் கிடைக்கின்றன. குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய அம்மருந்தை, கரைத்த பின் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வீட்டில் இருப்பதோ 8 அல்லது 10 குஞ்சுகள். இதனால் பல குடும்பங்கள் தடுப்பூசியையே தவிர்த்துவிடுகின்றன.

அண்டை வீட்டார் கலந்து பேசி, ஏறத்தாழ ஒரே வாரத்தில் அடை வைத்தால், ஒரே குப்பியைக் கொண்டு பல வீடுகளின் குஞ்சுகளுக்கும் ஒரே நாளில் மருந்தளிக்க இயலும். கோழிகள் அடுத்தடுத்துத் திடீரென இறந்தால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

எல்லாக் கோழிகளையும் அடை வைக்கலாமா?

அடைக்கு 3 வாரங்கள், குஞ்சுகளுடன் 6 முதல் 8 வாரங்கள் எனக் கணக்கிட்டால், ஒவ்வொரு முறையும் ஒரு கோழி ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மாதங்களுக்கு முட்டையிடுவதில்லை. முட்டை விற்பனையை நம்பியுள்ளோர், நல்ல தாய்மைப் பண்புள்ள ஓரிரு கோழிகளை மட்டும் அடைக்குப் பயன்படுத்தலாம். மற்றவற்றை வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் தீவனமும் நீரும் அளித்துச் சில நாள்கள் வைத்தால் அடை உணர்வு தணிந்து, பின்னர் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

அதேவேளையில், அடை வைத்த கோழியின் குஞ்சுகள் நோயில் மடிந்தால், குஞ்சுகளோடு அந்த இரண்டு மாத முட்டைகளையும் குடும்பம் சேர்த்தே இழக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.