அலைவாயில் இருவர் படகு

கடலோரப் பஞ்சாயத்துகளுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. உல்லாசப் பயணிகள் தாமே துடுப்பு வலித்துச் செல்லும் 'கயாக்' என்னும் சிறு படகுகள் நம் கரைகளிலும் பழக்கத்திற்கு வந்துவிட்டன. இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில், அலையாத்திக் காடுகளினூடே அமைதியான நீரில் இப்படகுகள் ஓடுகின்றன. அங்கே பழகியவர், அதே துணிவுடன் திறந்த கடலின் அலைவாயில் இறங்க நினைத்தால் ஆபத்து நேரும். அமைதியான நீரில் கற்ற பழக்கம் உடைகின்ற அலையில் கைகொடுக்காது. ஆகவே, இப்படகை அலையில் கையாளும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும், குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்லும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

படகின் அமைப்பு

கயாக் வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்களின் படகு. மரச் சட்டத்தின்மேல் கடல் விலங்கின் தோலைப் போர்த்தி அவர்கள் அதைச் செய்தனர். அலூசியத் தீவினர் இருவர் அமரும் படகுகளையும் கட்டினர். ஒருவர் வேட்டையாட, மற்றவர் படகை நிலையாக வைத்திருப்பார். இன்று பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்யப்படும் கடற்பயண இருவர் படகு சுமார் 18 முதல் 21 அடி நீளம் இருக்கும். உள்ளே அமரும் வகையில் நீர் புகுந்தால் தங்கிவிடும். மேலே அமரும் வகையில் துளைகளின் வழியே நீர் வடிந்துவிடும். மரங்களின் இடைவெளியில் நீர் வடிந்துபோகும் நம் கட்டுமரத்தின் தத்துவமும் இதுவே. அலை மிகுந்த கரைக்கு இரண்டாம் வகையே ஏற்றது.

அலை உடையும் இடம்

ஆழ்கடலில் உருண்டுவரும் அலை, ஆழம் குறையக் குறைய நிமிர்ந்து எழுகிறது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும்போது அது உடைகிறது. 4 அடி அலை சுமார் 5 அடி ஆழத்தில் உடையும் என்று கொள்ளலாம். அலைகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. பெரிய அலைகள் சில தொடர்ந்து வந்தபின் சிறிது நேரம் கடல் தணியும். படகை இறக்குமுன் கால் மணி நேரமாவது கரையில் நின்று இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

இருவர் ஒருவராதல்

ஏரில் பூட்டிய இரு காளைகளும் ஒத்து நடவாவிட்டால் சால் கோணும். இப்படகிலும் அவ்வாறே. முன்னால் இருப்பவர் வலிக்கும் வேகத்தையே பின்னால் இருப்பவர் பின்பற்ற வேண்டும். படகைத் திருப்புவதும் கட்டளை இடுவதும் பின்னவர் பொறுப்பு. 'வலி', 'நிறுத்து', 'பின்வலி' என்னும் மூன்று சொற்களைக் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அலையின் இரைச்சலில் நீண்ட பேச்சு காதில் விழாது.

வெளியே செல்லுதல்

படகின் முனை கடலை நேராக நோக்கியிருக்க வேண்டும். முன்னவர் முதலில் அமர்வார். பின்னவர் படகைக் கோணாமல் பிடித்து நின்று, கடல் தணிந்ததும் தள்ளி ஏறிக்கொள்வார். அதன்பின் தயக்கம் கூடாது. அலை எதிரே உடைந்தாலும் முன்புறம் குனிந்து தொடர்ந்து வலிக்க வேண்டும். அஞ்சி நிறுத்தினால் அலை படகைப் பின்னே தள்ளிக் குறுக்காகத் திருப்பிவிடும். துடுப்பை முகத்திற்கு எதிரே குறுக்காகப் பிடித்தால் அலை அதை முகத்திலேயே மோதும்.

படகு குறுக்காகத் திரும்பிவிட்டால், புதியவர்கள் அலைக்கு அஞ்சிக் கரைப்பக்கம் சாய்வார்கள். படகு உடனே கவிழும். இருவரும் ஒருங்கே அலையின் பக்கமே சாய்ந்து, துடுப்பின் அலகை அலையின்மேல் ஊன்ற வேண்டும். கையை உயரத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். முழங்கை உடலை ஒட்டியே இருக்கட்டும்.

கரை திரும்புதல்

செல்வதைவிடத் திரும்புவது கடினம். அலை உடையும் இடத்திற்கு வெளியே நின்று, பெரிய அலைகளை முன்னே போகவிட்டு, ஓர் அலையின் முதுகைத் தொடர்ந்து வர வேண்டும். பின்னால் அடுத்த அலை எழுந்தால், பின்வலித்து அதையும் கடந்துபோக விட வேண்டும். அலையின் முகத்தில் சறுக்கி இறங்கினால் நீண்ட படகின் முனை நீரில் குத்திப் படகு புரண்டுவிடும்.

கவிழ்ந்தால்

இதை எவரும் மறக்கலாகாது: படகுக்கும் கரைக்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. படகினுள் 200 லிட்டர் புகுந்தால், 75 கிலோ நெல் மூட்டைகள் இரண்டுக்கும் மேற்பட்ட பளு அது. அலை அதைத் தூக்கி எறியும்போது நடுவில் அகப்பட்டவரின் எலும்பு முறியும். இருவரும் கடல் பக்கத்திலேயே இருந்து, முதலில் துணைவரைத் தேடிப் பார்க்க வேண்டும். இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் நீந்துவோர் அகப்பட்டால், அதை எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும்.

காற்றும் பருவமும்

கீழைக் கரையில் வடகிழக்குப் பருவக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது இறங்குவதே தகாது. கரையிலிருந்து மேல்காற்று வீசும்போது கரையோர நீர் சாதுவாகத் தோன்றும். ஆனால் அக்காற்று சிறு படகை வெளியே கொண்டுபோய்விடும். தொலைவிலிருந்து வரும் அலைகள் காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரையில் ஏறுவதுண்டு. இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தபோது, அத்தகைய எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்தது.

பஞ்சாயத்தின் கடமை

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அது அலுவலகத்தில் தங்கிவிட்டால் பயனில்லை. அன்றைய நிலையைக் கரையில் பலகையில் எழுதி வைக்கலாம். தண்டோரா, ஒலிபெருக்கி மூலமும் அறிவிக்கலாம். 'லைஃப் ஜாக்கெட்' அணியாத எவரையும் படகில் ஏற்றக் கூடாது. ஃபைபர் படகுகள் பெருகிவிட்ட இந்நாளிலும், கட்டுமரம் ஓட்டிய முதியோர் நம் மீனவக் குப்பங்களில் இருக்கின்றனர். எந்த இடத்தில் மணல்திட்டு, எந்த நேரத்தில் நீரோட்டம் என்பதை அவர்கள் அறிவார்கள். படகு இறங்கும் இடத்தையும் நேரத்தையும் அவர்களைக் கலந்து முடிவு செய்தல் வேண்டும். அவர்கள் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் நாளில், வாடகை வருவாயைக் கருதாமல் படகுகளைக் கரையிலேயே நிறுத்திவைக்கும் உறுதி ஒவ்வொரு கடலோரப் பஞ்சாயத்துக்கும் வேண்டும்.