சாடியிலே மணக்கும் றோசா

கொழும்பு நகரின் மாடிவீட்டிலும் யாழ்ப்பாணத்துச் சிறு முற்றத்திலும் வாழும் குடும்பங்களுக்குப் பொதுவான ஆசையொன்று உண்டு. வாயிற்படியருகே ஒரு றோசாச் செடி நிற்றல் வேண்டும்; காலையிற் கதவைத் திறந்ததும் அதன் மணம் வீட்டினுள்ளே வருதல் வேண்டும். இவ்வாசை நிறைவேறுவதோ அரிதாகவே இருக்கின்றது. கண்ணைக் கவரும் பெரிய பூவோடு நாற்றுமேடையிலிருந்து வாங்கிவரும் செடி, சில மாதங்களில் இலையுதிர்ந்து முட்குச்சியாக நின்றுவிடுகின்றது. அது பூத்த நாளிலேயே முகர்ந்து பார்த்தவர்க்கும் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. "றோசா குளிர்நாட்டுப் பூ, அது நுவரெலியாவுக்கே உரியது" என்று நாமும் முடிவு கட்டிவிடுகின்றோம்.

இம்முடிவு பாதி உண்மையே. எல்லா றோசாவும் நமது வெப்பத்துக்கு ஒத்துவருவதில்லை. ஆயின் மணமுள்ள பழைய புதர் றோசாக்களுட் சில வெயிலையும் தாங்கும். சாடியிலும் நெடுங்காலம் வாழும். அவற்றுக்கு நாம் கொடுக்க வேண்டியவை இரண்டு: வேருக்குப் போதிய இடம், கிளைக்குத் தக்க ஊன்றுகோல். முன்னதைச் சிலராவது அறிவர். பின்னதையோ செடி சாய்ந்து முறிந்த பின்னரே பலரும் எண்ணிப் பார்க்கின்றனர்.

மணம் போன வழி

1867ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலே "லா பிரான்ஸ்" என்னும் றோசா தோன்றியது. நீண்ட காம்பும் நிமிர்ந்த மொட்டும் உடைய புதிய றோசா இனத்துக்கு அதனையே முதல்வியாகக் கொள்வர். அதன்பின் வந்த வளர்ப்பாளர் பலர் நிறத்தையும் வடிவையும் பூக்குவளையில் வாடாது நிற்கும் தன்மையையும் தேடித் தெரிந்தனர். அவ்வாறு தெரிந்தபோது மணம் பல வகைகளிற் கைநழுவிப் போயிற்று. இதன் காரணத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2015ஆம் ஆண்டில் விளக்கினர். றோசாவின் மணத்திற் பெரும்பங்கு கொள்ளும் ஜெரானியோல் என்னும் பொருள் இதழில் உண்டாவதற்கு ஒரு நொதியம் துணைசெய்கின்றது. மணமுள்ள வகையில் அது மிகுதியாகச் செயற்படுகின்றது. மணமற்ற வகையிலோ ஏறக்குறைய அடங்கிக் கிடக்கின்றது.

நமது வீட்டுக்கு ஏற்ற செடியின் வரலாறு இந்து சமுத்திரத்திலேயே தொடங்குகின்றது. இன்று றீயூனியன் எனப்படும் தீவு முன்னாளிற் பூர்போன் என்னும் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள குடியேற்றக்காரர் தம் நிலங்களுக்கு வேலியாக இருவகை றோசாக்களை நட்டனர். ஒன்று சீனத்திலிருந்து வந்த, அடிக்கடி பூக்கும் செடி. மற்றது மணத்துக்குப் பேர்போன தமாஸ்க் றோசா. இரண்டும் இயற்கையாகக் கலந்து, மணமும் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பும் ஒருங்கே பொருந்திய புதுச்செடி பிறந்தது. 1820ஆம் ஆண்டையொட்டி அதன் வித்துகள் பாரிசு நகரத்தை அடைந்தன. தமிழ்நாட்டிலே மாலை கட்டுதற்கு வயல்வயலாகப் பயிரிடப்படும் "எட்வர்ட்" றோசா இப்பூர்போன் குடும்பத்தைச் சேர்ந்ததே. வெப்பமான சமவெளியில் அது செழித்து வளர்வது, நமது தாழ்நிலங்களுக்கும் நம்பிக்கை தரும் செய்தியாகும்.

ஆகவே செடி வாங்கச் செல்வோர் நிறத்தைக் கண்டு மயங்காது, பூவை முகர்ந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். அயல்வீட்டில் அத்தகைய செடி நின்றால், பென்சிற் பருமனுள்ள, முற்றிய தண்டிலே ஏழெட்டு அங்குலம் வெட்டிப் பெற்றுப் பதியம் வைக்கலாம், எளிதில் வேர்விடும்.

வேருக்கு இடம்

நிலத்தில் நிற்கும் செடி நீரைத் தேடி வேரை ஓட்டும். சாடியில் நிற்பதற்கு அவ்வுரிமை இல்லை. அதன் உலகம் முழுவதும் நாம் கொடுத்த மண்ணே. ஆதலால் வாயகலமும் ஆழமும் 16 அங்குலத்துக்குக் குறையாத சாடியே ஏற்றது. மட்சாடி சிறந்தது, அதன் சுவரினூடே ஈரம் ஆவியாவதால் வேர் குளிர்ச்சி பெறும். பாரமான சாடியாதலாற் சோளகக் காற்றிலும் எளிதிற் சாயாது.

செம்மண் இரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு சேர்த்துக் கலத்தல் வேண்டும். தும்புச்சோற்றில் உப்புத் தங்கியிருக்குமாதலால், அதனை நல்ல நீரில் இருமுறை அலசிக்கொள்க. சாடியின் அடியில் ஓட்டுத் துண்டுகளையும் கல்லையும் கனமாகப் பரப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் நீர் விரைவில் வடியும் என்பது தவறான எண்ணம். நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அது முற்றாக நனைந்து நிறையும்வரை பரும்படியான கல்லினுள் இறங்காது. ஈரம் தேங்கும் பகுதி வேரை நோக்கி உயர்வதே பயன். துவாரத்தை மூட ஓர் ஓட்டுத் துண்டு போதும். சாடியை மூன்று செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்தால் நீர் தடையின்றி வெளியேறும்.

கிளைக்கு ஊன்றுகோல்

மணமுள்ள புதர் றோசாக்களுட் பலவற்றின் பூக்கள் நிறைந்த இதழுடையவை, தண்டோ மெல்லியது. ஒரு மழை பெய்தால், நீரேறிய பூவின் பாரத்தாற் கிளை வளைந்து முறியும். ஆதலால் ஊன்றுகோலைச் செடி நடும் நாளிலேயே நாட்டிவிடல் வேண்டும். பின்னர் நாட்டினால் அது வேரை அறுக்கும்.

நான்கடி நீளமான பனஞ்சலாகை அல்லது மூங்கிற் குச்சி மூன்றினைச் சாடியின் உட்சுவரோரமாக அடிவரை இறக்கி, நுனிகளைக் கூடாரம்போல ஒன்றாகக் கட்டுக. வேலிக் கதியாலுக்கு வெட்டிய பச்சைக் கிளுவையையோ பூவரசையோ பயன்படுத்துதல் ஆகாது. அவை தாமே வேர்விட்டுத் துளிர்த்து, றோசாவின் உணவைப் பறித்துக்கொள்ளும்.

கட்டுவதற்கு வாழைநாரே நன்று. குச்சிக்கும் கிளைக்கும் இடையே எட்டு என்னும் இலக்க வடிவில் முறுக்கி, ஒரு விரல் புகுமளவு இடம் விட்டுக் கட்டுதல் வேண்டும். கம்பியாற் கட்டினால், கிளை பருக்குந்தோறும் அது பட்டையினுள்ளே பதியும். இலையிற் சமைத்த உணவைக் கீழே கொண்டுசெல்லும் உரியம் பட்டையின் உட்புறத்திலே இருப்பதால், அக்கிளை மெல்ல நலியும். வாழைநார் சில மாதங்களில் உக்கிப்போவதும் ஒரு நன்மையே. கட்டை அவிழ்த்துப் புதிதாகக் கட்டும்படி அது நம்மைத் தூண்டுகின்றது.

கிளைகளை நேரே மேல்நோக்கிக் கட்டாது, முக்கோற் கூடாரத்தைச் சுற்றிச் சாய்வாகப் படரவிடுக. இங்கேதான் ஊன்றுகோலின் உண்மையான பயன் விளங்குகின்றது. நிமிர்ந்த கிளையின் உச்சி அரும்பிலே தோன்றும் ஒட்சின் என்னும் ஓமோன் கீழிறங்கி, பக்க அரும்புகளை வளரவிடாது தடுக்கும். உயிரியல் மாணவர் இதனை உச்சி ஆட்சி என்று கற்றிருப்பர். கிளையைச் சாய்த்தால் அவ்வாட்சி தளர்கின்றது. கணுக்கள் பலவும் துளிர்த்துப் பூக்கின்றன. இளங்கிளையை நாளுக்குச் சிறிதாக வளைத்தல் வேண்டும்; முற்றிய கிளையை வளைக்க முயலின் முறிந்துவிடும். மாணவர்கள் ஒரு கிளையை நிமிர்த்தும் ஒத்த வளர்ச்சியுள்ள இன்னொன்றைச் சாய்த்தும் கட்டி, ஒவ்வொன்றிலும் தோன்றும் மொட்டுகளை எண்ணிப் பார்க்கலாம்.

நீரும் வெயிலும்

றோசாவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலை வெயில் சிறந்தது. மாலை வெயிலிற் கொதிக்கும் சீமெந்துச் சுவரை ஒட்டிச் சாடியை வைத்தால் வேர் வேகும். நீரைக் காலையில் அடிமண்ணில் ஊற்றுக; இலையை நனைத்தல் வேண்டாம். கரும்புள்ளி நோயின் பங்கசு, ஏழு மணி நேரமேனும் நனைந்திருக்கும் இலையிலேயே பற்றிக்கொள்ளும். குடாநாட்டு நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாதலால் அங்குள்ள கிணற்று நீரிற் கல்சியம் மிகுதி. அந்நீரையே தொடர்ந்து ஊற்றினால் மண் காரத்தன்மை அடைந்து, வேர் இரும்புச் சத்தைப் பெறமாட்டாது போகும். இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அறிகுறி. மாரிகாலத்திற் பிடித்துவைத்த மழைநீரை இடையிடையே ஊற்றுவது இதற்கு நல்ல மருந்து. சாடியில் ஊற்றும் நீர் பசளையையும் கரைத்துக்கொண்டு போகுமாதலால், மாதந்தோறும் ஒரு பிடி கூட்டெரு இடுக. பூ வாடியதும், கீழேயுள்ள ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் மறுபடியும் அரும்பும்.

பூவைப் பறிப்போர் ஞாயிறு ஏறுமுன் பறித்தல் வேண்டும். மணத்தைத் தரும் எண்ணெய் வெயிலில் ஆவியாகிவிடும். பல்கேரியா நாட்டு அத்தர்த் தோட்டங்களில் விடியலிலேயே பூவெடுப்பதும் இதனாலேயே. ஒரு கிலோ அத்தருக்கு அங்கே மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இதழ்கள் செலவாகின்றன. நமது வீட்டுக்கோ அவ்வளவு தேவையில்லை. ஒரு சாடி, மூன்று சலாகை, கொஞ்சம் வாழைநார், நாள்தோறும் ஐந்து நிமிடக் கவனம் இருந்தால், நிலமில்லாத வீட்டுக் குழந்தைகளும் றோசாவின் மணம் இன்னதென்று அறிந்து வளர்வர்.