கோல்ப் சங்கமும் அயலாரோடு ஆடும் முறைமையும்

மேனாட்டு விளையாட்டுக்களுள் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஹாக்கியும் நம் மாணவர்க்கு நன்கு பழக்கமானவை. கோல்ப் என்பதோ பெயரளவில் அறியப்பட்டு, செல்வர் சிலருடைய பொழுதுபோக்கென்று ஒதுக்கப்பட்டு நிற்கின்றது. சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து நெடுந்தூரத்திலுள்ள குழியிற் புகுத்துவதும், இவ்வாறே பதினெட்டுக் குழிகளையும் இயன்ற மட்டும் குறைந்த அடிகளில் முடிப்பதுமே அவ்வாட்டம். அதன் நுணுக்கங்களை விளக்குவது எம் கருத்தன்று. அவ்வாட்டத்தைச் சூழ்ந்து எழுந்த சங்கம் எவ்வாறு ஆளைச் சேர்க்கின்றது, எவ்வாறு பணம் திரட்டிச் செலவிடுகின்றது, ஒருவரையொருவர் முன்னறியாத நால்வர் அங்கே கூடி நாலு மணி நேரம் எவ்வாறு இணங்கி நடக்கின்றனர் என்பவற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். கோல்ப் என்னும் பெயரை நம் கோலோடு உறவுபடுத்த விரும்பும் தமிழன்பர் சிலர் இருத்தல் கூடும். ஒலி ஒப்புமையன்றி அதற்கு வேறு சான்று யாதுமில்லை.

இவ்வாட்டம் செழித்த நாடு ஸ்காட்லாந்து. 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம், மக்கள் வில்வித்தையை மறந்து இதிற் காலங்கழிக்கின்றனர் என்று தடைச்சட்டம் இயற்றிற்று. தடை நிலைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? 1744இல் எடின்பரோ நகரத்தார் வெள்ளிக்கோல் ஒன்றைப் பரிசாக அளிக்க, அதன் பொருட்டு லீத் என்னும் கடற்கரை வெளியில் ஆடிய கனவான்கள் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தனர். எழுத்து வடிவில் நமக்குக் கிடைத்துள்ள கோல்ப் விதிகளுள் இவையே பழையன. பத்தாண்டு கழித்து, 1754இல், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் இருபத்திருவர் கூடி மற்றொரு சங்கம் கண்டனர். 1834இல் நான்காம் வில்லியம் அரசர் ஆதரவு பெற்று ராயல் அண்டு ஏன்ஷண்ட் சங்கம் என்று பெயர் பூண்டது அதுவே. நம் நாட்டிற் கல்கத்தாவில் 1829இல் நிறுவப்பெற்ற சங்கம், பிரிட்டிஷ் தீவுகளுக்குப் புறம்பே இன்றுவரை நிலவுவனவற்றுள் மிகப் பழையது என்பர்.

ஆடுகளம் வேறு, சங்கம் வேறு என்பதை வாசகர் முதற்கண் உளங்கொள்ள வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸிலுள்ள பழைய ஆடுகளம் உலகிற் பெரும்புகழ் வாய்ந்தது. ஆயினும் அது எந்தச் சங்கத்துக்கும் சொந்தமன்று. அக்கடற்கரைப் புல்வெளியில் ஆடும் உரிமை ஊரார்க்கு உண்டென்று 1552ஆம் ஆண்டிற் பிறந்த சாசனமே கூறுகின்றது. இடையில், 1797இல், ஊர்ச்சபை கடன்பட்டு நொடித்து நிலத்தை இழக்க, முயல் வளர்ப்போர் அங்கே புகுந்து வளை தோண்டிக் களத்தைப் பாழாக்கினர். முயலுக்கும் கோலுக்குமாக வழக்குகள் பல்லாண்டு நடந்தன. 1894இற் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக நிலம் மீண்டும் ஊரார் கைக்கு வந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தருமகர்த்தர் குழு இன்று அதனைப் பேணுகின்றது. ஞாயிற்றுக்கிழமைகளிற் பழைய களத்தில் ஆட்டமில்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதன்மேல் உலாவுகின்றனர். உலகப் புகழ் பெற்ற களத்தை உழவர் சந்தைத் திடல்போல் மிதிக்க விடுகின்றார்களே என்று வெளிநாட்டார் வியப்பதுண்டு. எமக்கோ அதுவே அவ்வூரின் பெருமையாகத் தோன்றுகின்றது.

இத்தகைய பொதுக்களங்கள் ஒருபுறமிருக்க, நிலத்தைத் தாமே வாங்கியோ குத்தகைக்கெடுத்தோ வேலியிட்டு ஆடும் தனிச்சங்கங்களே பல. இவற்றிற் சேர விரும்புவோனை அங்கத்தினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். பெயர் பலகையில் எழுதி ஒட்டப்படும். பழைய நாளில், மூடிய பெட்டியொன்றில் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ இட்டு வாக்களித்தனர். கறுப்பு உருண்டை ஒன்றிரண்டு வீழ்ந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படும். தள்ளியவர் யார், காரணம் யாது என்று கேட்பதற்கில்லை. சில சங்கங்களில் விண்ணப்பதாரன் நிர்வாக சபையார் இருவரோடு ஒருநாள் ஆடிக்காட்டவும் வேண்டும். அவனுடைய ஆட்டத்தினும் நடக்கையையே அவர்கள் அன்று நோக்குவர்.

காரணம் சொல்ல வேண்டாத இவ்வுரிமை, நெடுங்காலம் பொல்லாத காரணங்களுக்குத் திரையாக உதவிற்று. யூதரென்றும் கறுப்பரென்றும் பெண்டிரென்றும் ஒதுக்கப்பட்டோர் பலர். அமெரிக்காவில் ஷோல் கிரீக் என்னும் சங்கத்தில் 1990இற் பெரும்பந்தயம் ஒன்று நடக்கவிருந்த காலை, அங்கே கறுப்பரைச் சேர்ப்பதில்லை என்று அதன் நிறுவனர் வெளிப்படையாய்க் கூறிவிட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விளம்பரம் அளித்த கம்பெனிகள் பின்வாங்கின. சின்னாட்களிலேயே அச்சங்கம் கறுப்பர் ஒருவரைக் கௌரவ அங்கத்தினராகச் சேர்த்தது. அறிவுரை பல ஆண்டு செய்யாததைப் பணநட்டம் சில வாரத்திற் செய்தது. ராயல் அண்டு ஏன்ஷண்ட் சங்கம் பெண்டிரைச் சேர்க்க இசைந்தது 1954இல் அன்று, 2014இல்! லீத்தில் விதிகள் எழுதிய கனவான்களின் வழிவந்த சங்கம் இன்று ம்யூர்பீல்டில் ஆடுகின்றது. அங்கே 2016இல் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 64 பேர் பெண்டிர்க்கு இசைந்தும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமென்ற விதியால் தீர்மானம் தோற்றது. இனி ஓப்பன் பந்தயம் அங்கு நடவாதென்று அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே மீண்டும் வாக்கெடுத்துக் கதவைத் திறந்தனர்.

இனிப் பணச் செய்தி. சங்கத்தின் வரவு பெரும்பாலும் நான்கு வழியில் வரும்: சேருங்கால் ஒருமுறை செலுத்தும் பிரவேசக் கட்டணம், ஆண்டுச் சந்தா, வெளியார் ஆடுவதற்குத் தரும் நாட்கட்டணம், உணவும் பானமும் விற்ற வரவு. செலவோ புல்லுக்கே பெரிதும் போகின்றது. குழியைச் சூழ்ந்த புற்பரப்பை நாள்தோறும் கம்பளம்போல் கத்தரிக்க வேண்டும். நீர் பாய்ச்ச வேண்டும். மணற்பள்ளங்களை வாரிச் சீர்செய்ய வேண்டும். இச்செலவில் ஒரு விசேடம் உண்டு. ஆடுவோர் ஐம்பதின்மராயினும் ஐந்நூற்றுவராயினும் புல் ஒரே அளவாகத்தான் வளர்கின்றது. ஆட்குறைவு நேரின் செலவு குறையாது.

எடுத்துக்காட்டாக, ஆண்டுச் செலவு பத்து லட்சம் ரூபாயும் அங்கத்தினர் ஐந்நூற்றுவரும் உள்ளதொரு சங்கத்தைக் கற்பித்துக்கொள்வோம். தலைக்கு 2,000 ரூபாய். நூற்றுவர் விலகினர், எஞ்சியோர் தலைக்கு 2,500 ரூபாய். உயர்வு பொறாது இன்னும் ஐம்பதின்மர் விலகின், தொகை 2,850க்கு மேற்செல்லும். இவ்வாறு ஒருவர் விலகல் மற்றொருவரை விலகத் தூண்ட, நல்ல களமும் நூற்றாண்டுப் பெயரும் உடைய சங்கங்கள்கூட மூடப்பட்டதுண்டு. இதற்கு அஞ்சியே சில சங்கங்கள் தனி வரி விதிக்கும் அதிகாரத்தை விதிகளிற் பொதித்து வைத்துள்ளன. கட்டடக் கூரை விழுந்தால், சந்தாவுக்கு மேலாக ஒவ்வொருவரும் இன்ன தொகை தரவேண்டுமென்று ஓலை வரும். சேர்வோர் பலர் இவ்விதியைப் படிப்பதில்லை. சந்தா எவ்வளவு என்று கேட்கும் முன்னர்க் கடன் எவ்வளவு என்று கேட்பதே அறிவுடைமை.

மற்றொரு வேடிக்கையும் இங்குண்டு. சந்தா செலுத்தி நாள்தோறும் ஆடுவோனால் சங்கத்துக்கு லாபமில்லை. சந்தா செலுத்திவிட்டு ஆண்டிற்கு நாலுமுறை எட்டிப்பார்ப்பவனே அதனைத் தாங்குந் தூண். பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவாக நந்நால்வரை அனுப்பினும், ஒரு மணிக்கு இருபத்துநால்வரே ஆட்டம் தொடங்கலாகும். ஐந்நூற்றுவரும் ஒரே சனிக்கிழமை காலையில் வந்து நிற்பின் அவருட் பெரும்பாலோர் வீடு திரும்ப வேண்டியதே.

வரித்துறையார் இச்சங்கங்களை நோக்கும் முறையும் அறியத்தக்கது. நம் விடுதி மாணவர் உணவுச் செலவை மாதக் கடைசியிற் பகிர்ந்துகொள்ளும் முறையை யாவரும் அறிவர். அதில் எஞ்சிய பணம் லாபமன்று. நம் பணம் நம்மிடமே திரும்புகின்றது. சந்தாவும் அத்தகையதே ஆதலின் அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் வெளியாரிடம் வாங்கும் நாட்கட்டணம் எவ்வகை? இங்கிலாந்தில் கார்லைல் சில்லத் கோல்ப் சங்கத்தார் மேல் வந்த வழக்கில், அக்கட்டணம் வியாபார வரவே, அதன் லாபத்துக்கு வரி உண்டு என்று 1913இல் நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவிலோ, வரிவிலக்குப் பெற்ற சங்கம் பொதுமக்களிடமிருந்து பெறும் வரவு மொத்த வரவில் நூற்றுக்குப் பதினைந்தைப் பொதுவாகத் தாண்டலாகாது. ஆகவே அயலானை அழைத்தால் வரிக்கணக்கு, அழையாவிடிற் பற்றாக்குறை என்று காரியதரிசி இருதலைக் கொள்ளி எறும்பாகின்றார்.

ஜப்பானில் நிகழ்ந்ததை நினைந்தால் இவையெல்லாம் சிறு தொல்லையே. அங்கே 1980க்குப் பின் அங்கத்துவச் சீட்டுக்களைத் தரகர் வழியாக விற்று வாங்கினர்; சிலவற்றின் விலை பத்துக்கோடி யென்னுக்கு மேலேறிற்று. சேர்வோர் கட்டிய பெருந்தொகை வைப்புப் பணமேயன்றிக் கட்டணமன்று; பெரும்பாலும் பத்தாண்டு கழித்துக் கேட்டால் திருப்பித் தரவேண்டும். 1990க்குப் பின் விலை சரிந்தது. யாவரும் ஒருங்கே பணத்தைக் கேட்டனர். அப்பணமோ மலையைக் குடைந்து களமும் மாளிகையும் அமைத்ததிற் கரைந்திருந்தது. பல சங்கங்கள் திவாலாயின.

இனி அயலாரோடு ஆடுதல். தனியே வருவோனை இருவர் மூவர் கொண்ட குழுவிற் சேர்த்தனுப்புவது பொதுக்களங்களின் வழக்கம். செயின்ட் ஆண்ட்ரூஸில் இவ்வாறு ஓரிடம் பெறுதற்பொருட்டு, 2023 வரையிலும், கடல் கடந்து வந்தோர் இரவெல்லாம் குளிரில் வரிசை நின்றனர். 2024 முதல், தனியே வருவோர் முந்தின நாளே பெயர் பதிவுசெய்யச் சீட்டுக் குலுக்கி இடம் அளிக்கின்றனர். முற்காலத்து ஆசார விதிகளில், தனியாடுவோனுக்குக் களத்தில் யாதொரு நிலையுமில்லை என்றே எழுதியிருந்தது. எந்தக் குழு வந்தாலும் அவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். 2004இல் அவ்வாசகம் நீக்கப்பட்டுத் தனியாளும் ஒரு குழுவாகவே மதிக்கப்பட்டான்.

வல்லானும் புதியவனும் ஒன்றாய் ஆடி இருவரும் இன்புறுவது எங்ஙனமெனின், ஹாண்டிகாப் என்னும் கணக்கினால். ஒருவனுடைய முந்திய ஆட்டங்களிலிருந்து அவனுக்குரிய சலுகை அடிகள் கணிக்கப்படும். உலகில் ஆறு விதமாக இருந்த அக்கணக்குகள் 2020 முதல் ஒன்றாக்கப்பட்டன. அயலாரைக் கண்டவுடன் பெயர் சொல்லிக் கைகுலுக்கி, இவ்வெண்ணையும் மெய்யாகவே சொல்லிவிட வேண்டும். தன்னை மட்டமாகச் சொல்லிச் சலுகை பெற்றுப் பின் வெல்லுவோனைப் பொய்யன் என்று யாரும் முகத்தெதிரே சொல்லார். மறுமுறை அவனோடு ஆட மட்டும் ஒருவரும் வாரார். பணம் வைத்தாட விரும்பாதவன் அதை முதல் அடிக்கு முன்னரே சொல்லுதல் நன்று. மூன்றாங் குழியிற் சொன்னால் தோல்விக்கு அஞ்சினான் என்பர்.

பிறகு பேச்சைவிட நிற்கும் இடமே முக்கியம். ஒருவர் அடிக்குங்கால் அவருடைய கண்ணிற் படும்படி பின்னே நிற்றலும், தம் நிழலைக் குழிவழியில் வீழ்த்தலும், அவ்வழியை மிதித்தலும் ஆகா. அடித்துப் பெயர்த்த புல்லை மீட்டும் பதிக்க வேண்டும். மணலிற் பதிந்த அடிச்சுவட்டைத் தாமே வாரவேண்டும். பந்து பிறர் பக்கம் பறந்தால் "போர்!" என்று உரக்கக் கூவ வேண்டும், இதில் நாணம் ஆகாது. அயலான் பந்து காணாமற் போயின் மூவரும் சேர்ந்து தேடுவர். 2019க்கு முன் ஐந்து நிமிடம், இப்பொழுது மூன்றே நிமிடம். முன்னே நன்றாய் அடித்தவன் முதலில் அடிப்பான் என்ற பழைய மரபும் சாதாரண ஆட்டங்களில் தளர்ந்து, ஆயத்தமானவன் அடிக்கலாம் என்றாயிற்று. பின்வரும் குழு விரைவாயிருப்பின் அவர்க்கு வழிவிடுதல் கடமை.

எல்லாவற்றினும் தாங்கொணாதது கேளாமற் புகட்டும் உபதேசம். பந்தயத்தில் எதிராளிக்கு யோசனை கூறினால் இரண்டடித் தண்டம் என்று விதியுண்டு. சாதாரண நாளிலும் அத்தண்டம் இருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்! தோளை இப்படித் திருப்பு, தலையைத் தூக்காதே என்று முன்பின் அறியாதவர் சொல்லச் சொல்ல, கேட்போனுக்கு உள்ள ஆட்டமும் மறந்துபோகின்றது. அவன் தவறாய் அடித்த பின் மௌனமே தக்க மொழி.

இவ்வாட்டத்திற் பக்கத்தே நின்று நோக்கும் நடுவர் பெரும்பாலும் இல்லை. புதரினுள் மறைந்திருக்கும் பந்தைத் தொட்டதும் தொடாததும் தொட்டவனுக்கே வெளிச்சம். 1925இல் அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் பாபி ஜோன்ஸ் என்பார், பிறர் எவரும் காணாதிருக்கவும், தம் பந்து அசைந்ததென்று தாமே ஓரடி கூட்டிக்கொண்டார். அதனால் முதலிடத்தில் மற்றொருவரோடு சமமாகி, மீண்டும் ஆடித் தோற்றார். அயலார் நால்வர் கூடி ஆடுவது இத்தகைய நம்பிக்கையின்மேலேயே.

பதினெட்டாங் குழி முடிந்ததும் தொப்பியை எடுத்துக் கைகுலுக்கிப் பிரிவர். மாலைப்பொழுது இருப்பின் ஒரு கோப்பை தேநீர் அருந்துவர். ஸ்காட்லாந்தின் சிற்றூர்க் களங்கள் சிலவற்றில் கட்டணம் வாங்க ஆளும் இல்லை. வாயிலில் ஓர் இரும்புப் பெட்டியும், உறைகளும், பென்சிலும் இருக்கும். வந்தோர் உறைமேல் தம் பெயரெழுதிப் பணத்தை உள்ளிட்டுப் பெட்டியிற் போட்டுவிட்டு ஆடப்போவர்.